பெரிய கண்ணாடியில் மாமியின் பொட்டு

எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் மூன்று திருகுகளால் வந்தவை. மாமியாரால் வந்தவை அதற்கு அடுத்த இடம்தான். ஒரு சனிக்கிழமை இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதலில் திருகுகளைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். நானும் அங்கேதான், ஆப்பரேட்டர். தொழிற்சாலை பஸ்ஸில் பழகி, பஸ்ஸிலேயே சண்டை போட்டு, பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். மற்ற ஆண்கள் ஓவர்டைம் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், பாட்டுப் பெட்டி வாங்கினார்கள். இவர் ஒரு கண்ணாடி வாங்கினார். வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டியில் வந்தது. பன்னிரண்டு அங்குல வட்டம், பெரிய தோசைக்கல் அளவு, கனம் மட்டும் ஒரு பை அரிசிக்குக் குறையாது. முன்பக்கம் பளபளவென்று அலுமினியப் பூச்சு. அந்தப் பூச்சின் மேல் மூச்சுக்கூட விடக் கூடாது என்று முதல் நாளே எனக்குச் சட்டம் போடப்பட்டது.

கட்டடத்தில் தூண் வார்ப்பதற்குப் பயன்படுத்தும் தடித்த அட்டைக் குழாய் ஒன்றை எங்கேயோ கேட்டு வாங்கி வந்து, வார்னிஷ் அடித்து, பலகையில் பெட்டி செய்து, அதன் மேல் குழாயை உட்கார வைத்தார். அதுதான் தொலைநோக்கி. ஆயர் ஈத்தாமில் மூன்றாம் மாடியில் எங்கள் ஃபிளாட். லிஃப்ட் கிடையாது. குழாயை முதன்முதலாகக் கீழே இறக்கிய நாளில் அடுத்த வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கைகொட்டிச் சிரித்தார். பினாங்கில் பிள்ளை இல்லாதவர்கள் கோட்டையில் இருக்கும் பழைய பீரங்கிக்குப் பூ வைத்து வேண்டிக்கொள்வார்கள். "உனக்குக் கோட்டைக்குப் போகிற வேலையே இல்லை, பீரங்கி வீட்டுக்கே வந்துவிட்டது" என்று மலாயில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பார்க்க அது பீரங்கி மாதிரிதான் இருந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. பெரிய கண்ணாடி குழாயின் அடியில் படுத்திருக்கும். நட்சத்திர வெளிச்சம் குழாய்க்குள் இறங்கி அதில் பட்டு மேலே திரும்பும். குழாயின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. அது அந்த வெளிச்சத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக வெளியே அனுப்பும். பார்க்கிறவர் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அந்தத் துளையில் கண்ணை வைக்க வேண்டும். அதாவது வானத்தைப் பார்ப்பதற்கு வானத்தின் பக்கம் முகத்தைத் திருப்பவே வேண்டாம். பக்கத்தில் நின்று பக்கத்தில் பார்த்தால் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். மூன்று மாடி படி இறங்கினால் மயிரிழை என்ன, விரற்கடையே விலகும். அதனால் ஒவ்வொரு முறையும் கீழே கார் நிறுத்தும் இடத்தில் குழாயை வைத்ததும் நேர்ப்படுத்தும் வேலை தொடங்கும். பெரிய கண்ணாடிக்குப் பின்னால், குழாயின் அடியில், மூன்று திருகுகள். ஒன்றைத் திருப்பினால் கண்ணாடி ஒரு பக்கம் சாயும். ஆனால் பார்க்கும் துளை மேலே இருக்கிறது. ஒரே ஆள் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு திருகைத் திருப்ப அவருக்குக் குரங்குக் கை வேண்டும். ஆகவே அவர் மேலே, நான் கீழே.

டிவி ஏரியலைத் திருப்புவதற்கு ஒருத்தர் கூரையிலும் ஒருத்தர் கீழேயும் நின்று கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான், ஆனால் நாலு மாடிச் சனமும் ஜன்னலில் நின்று கேட்கும்.

"வலது பக்கம் திருப்பு!"

"திருப்பிட்டேன்."

"ஐயோ, அந்த வலது இல்ல, இந்த வலது!"

"எத்தனை வலது இருக்குங்க உங்களுக்கு?"

"கண்ணாடில எல்லாம் மாறித் தெரியும்லா! சரி, இப்ப கொஞ்சம்… கொஞ்சம்…"

"கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்?"

"கொஞ்சம்தான்லா!"

இந்த வலது இடது வழக்கைத் தீர்த்து வைத்தது நான்தான். ஒரு நாள் பூஜைத் தட்டிலிருந்து குங்குமம், சந்தனம், விபூதி மூன்றையும் எடுத்து வந்து மூன்று திருகுகளின் தலையிலும் ஆளுக்கொன்றாகப் பூசிவிட்டேன். அதற்குப் பிறகு, "குங்குமத்த கால் சுத்து, சந்தனத்த விடு" என்று வேலை நடந்தது. ஜன்னலில் நின்றவர்கள் நாங்கள் ஏதோ பூஜை செய்கிறோம் என்று நினைத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பெரிய வழக்கு தீரவில்லை. கண்ணாடியின் நடு எது என்று தெரியாமல் அவர் கண்மட்டத்திலேயே நேர்ப்படுத்திக்கொண்டிருந்தார். பெரிய கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு சின்னப் புள்ளி வைத்தால் போதும், துளை வழியாகப் பார்த்து அந்தப் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவரலாம் என்று அவர் வாங்கும் பத்திரிகையில் போட்டிருந்தது. நடுப்பகுதி எப்படியும் சின்னக் கண்ணாடியின் நிழலில்தான் கிடக்கும், புள்ளி வைத்தால் ஒன்றும் குறையாது என்றும் போட்டிருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டியவரும் அவர்தான்.

"அப்ப ஒரு புள்ளி வச்சிருங்களேன்" என்றேன்.

"என் கண்ணாடி மேலயா? உன் கண்ணுல பேனாவால ஒரு புள்ளி வைக்கிறேன், விடுவியா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி மாமி. என் கணவரின் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி. மாமா ஓய்வு பெற்ற அரசாங்கக் கிளார்க். அந்த வீட்டில் எல்லாருக்கும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், அவருடைய கையெழுத்து கைநாட்டு. மாமி தன் மகனுக்குத் தங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒரு டீச்சர் பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். அவருடைய மகனோ பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்கு மாமி வந்தார், நின்றார், போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியில் அவர் கால் படவில்லை. கோயிலில் பார்த்தால், "சுகமோ?" என்பார். "சுகம், மாமி" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

மாமா அப்படியில்லை. ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன் மலிவு என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு வருவார். மீன் வாங்குவதற்கு முன்னால் என் வீட்டில் நாலு இடியப்பம் தின்றுவிடுவார். அந்த இடியப்பத்தையும் சொதியையும் எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான், சமையலறை வாசலில் நின்றுகொண்டு, தேங்காய்ப்பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டி. போகும்போது, "அவவுக்குச் சொல்லாதை பிள்ளை" என்பார். நான் யாரிடம் சொல்வேன்? மாமியிடம் பேசினால்தானே சொல்வதற்கு!

அந்த நேரத்தில் மாமிக்கு ஏழரைச் சனி. தனுசு ராசி. சனி பகவானும் அப்போது தனுசிலேயே வந்து பாய் விரித்துப் படுத்திருந்தார். மாமிக்கு முழங்கால் வலித்தால் சனி. தோடு தொலைந்தால் சனி. மாமாவுக்குச் சர்க்கரை கூடினால் சனி. அது இடியப்பம் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சனி தொடங்கிய காலத்தில்தான் நானும் அந்தக் குடும்பத்துக்குள் வந்தேன் என்பதால் மாமியின் கணக்கில் நானும் சனியின் வேலைகளில் ஒன்று.

என் கணவர் ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல், "அம்மா, உங்களைப் பிடிச்சவரை நான் நேர காட்டுறன், வாங்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எந்த மகனாவது பெற்ற தாயைச் சனியைப் பார்க்க விருந்துக்குக் கூப்பிடுவானா? ஆனால் மாமி நான் நினைத்த ஆள் இல்லை. பல நாள் யோசித்துவிட்டு, "இத்தனை வருசமா என்னை ஆட்டிப் படைக்கிறவன்ர முகத்தை ஒருக்காப் பாத்தால் என்ன?" என்று சொல்லி அனுப்பினார். கூடவே நிபந்தனைகளும் வந்தன. சனிக்கிழமை வருவார், பார்ப்பார், எட்டு மணிக்கு மாமா வந்து கூட்டிப் போவார். அன்றைக்கு விரதம், அதனால் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம்.

விரதம் மாமிக்கு மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும் என்று மாமா ஏற்கெனவே உளறியிருந்தார். ஆகவே அந்தத் தண்ணீர் யாருக்காக வேண்டாம் என்று எனக்குப் புரிந்தது. எனக்குச் சனியும் வேண்டாம், அவருடைய வளையமும் வேண்டாம். மாமி என் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும் காலையிலேயே மாவு வறுத்தேன், தேங்காய் துருவினேன்.

என் கணவருக்கு வேறு கவலை. அம்மா பார்க்கப்போகிறார் என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றிக் குளிப்பாட்டினார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைப் போத்தல் போத்தலாக ஊற்றிப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் அதைக் கழுவி, தூசி படாமல் காய்வதற்குப் படுக்கையறையில் அலங்கார மேசை மேல், அதன் கண்ணாடியை மறைத்தபடி சாய்த்து வைத்தார். அறைக்குள் யாரும் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு டார்ச் லைட்டுக்குப் பேட்டரி வாங்கப் போனார்.

மாமி ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நாலு மணிக்கே வந்துவிட்டார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கீழேயே மாமியை இறக்கிவிட்டு அவர் காப்பிக் கடைப் பக்கம் மறைந்துவிட்டார். மூன்று மாடி ஏறி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி மாமி வாசலில் நின்றார்.

"வாங்க மாமி. உக்காருங்க மாமி. தண்ணி…"

"வேண்டாம் பிள்ளை. முகம் கழுவ எங்கை?"

குளியலறைக்குப் போகும் வழி படுக்கையறை வழியாகத்தான். உத்தரவு நினைவுக்கு வந்தது. ஆனால் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருக்கும் மாமியாரை அறைக்குள் போகாதே என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? கதவைத் திறந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மாமியின் முகம் ஈரமாக, நெற்றியில் புதிதாகப் பூசிய விபூதியோடு இருந்தது. "நல்ல கண்ணாடி வச்சிருக்கிறியள். முகம் பெரிசாத் தெரியுது" என்றார். மெல்ல எட்டிப் பார்த்தேன். அலங்கார மேசை மேல் சாய்ந்திருந்த பெரிய கண்ணாடியில், அந்த மூச்சுப்படாத வெள்ளிப் பரப்பில், மாமியின் ஒட்டுப்பொட்டு. அரக்கு நிறம், ஐந்து காசு அளவு.

நம் பெண்களுக்கு இந்தப் பழக்கம் கையோடு பிறந்தது. முகம் கழுவப் போனால் பொட்டை எடுத்து எதிரில் இருக்கும் கண்ணாடியில் ஒட்டுவோம், பிறகு எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வோம். எந்த வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாலும் அங்கே எத்தனை பெண்கள் குடியிருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் யாரும் பொட்டை எடுப்பதில்லை. எவ்வளவு வியர்த்தாலும் பொட்டைச் சுற்றித்தான் முகம் கழுவுவோம். பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவது சொந்த வீட்டில்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த அரக்குப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி களைப்பில் கை மறந்து செய்தாரா, தெரிந்து செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது.

என் கணவர் திரும்பி வந்தார். அறைக்குள் போனார். உள்ளேயிருந்து கோழியின் கழுத்தைத் திருகிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"பசை!" என்றார், கத்த முடியாமல் கிசுகிசுத்து. "பசைலா! கண்ணாடி மேல பசை!"

"மெதுவா பேசுங்க. உங்க அம்மா பொட்ட எடுத்திருக்காங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியும். பொட்ட உரிச்சா அலுமினியமும் சேந்து உரியும். அதான் அர்த்தம்."

இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை, குனிந்து பொட்டுக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். பொட்டு நடுவில் இல்லை, ஆனால் நடுவுக்கு ரொம்பத் தூரமும் இல்லை. அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அதே யோசனை எனக்கும் ஓடியது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது அதுதான் முதல் தடவை.

நான் கூடத்துக்குப் போனேன். "மாமி, அவருக்கு அந்தக் கண்ணாடிக்கு நடுவுல ஒரு பொட்டு வேணுமாம். நீங்களே வச்சுக் குடுங்களேன்."

மாமி எழுந்து வந்தார். மகனின் முகத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பொட்டு எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் மாமி அசடு வழிகிற ஆள் இல்லை. "நடுவிலை வேணுமெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

கணவர் காகிதத்தை வட்டமாக வெட்டி, நாலாக மடித்து, முனையைக் கத்தரித்து விரித்தார். நட்டநடுவில் ஒரு ஓட்டை. "என்னடா, கண்ணாடிக்குச் சட்டை தைக்கிறியோ?" என்று மாமி கேட்டார். அவர் பழைய பொட்டின் ஓரத்தைப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் அறுக்கலாமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே, மாமி கட்டைவிரல் நகத்தால் சட்டென்று உரித்தெடுத்துவிட்டார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அலுமினியம் உரியவில்லை. ஒரு மங்கலான பசைத் தடம் மட்டும் இருந்தது. காகிதத்தை மேலே வைத்ததும் மாமி ஓட்டைக்குள் பொட்டை வைத்து அழுத்தினார், பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற அதே அழுத்தம்.

கண்ணாடியைக் குழாயில் பூட்டினோம். வழக்கம்போல் அவர் தலைப்பக்கம், நான் கால்பக்கம், படிப்படியாக இறக்கினோம். பின்னால் மாமி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வேண்டாம் மாமி, கால் வலிக்கும்" என்றேன். கேட்கவில்லை.

ஏழு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். கணவர், கண் நடுவில் நிற்பதற்காக ஓட்டை போட்ட பிலிம் டப்பாவைப் பார்க்கும் துளையில் செருகிக் கண்ணை வைத்தார். நான் அடியில் குந்தினேன். மாமி முக்காலியில் உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு நாளாவது மரியாதையாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று படியிலேயே ஒப்பந்தம் செய்திருந்தோம்.

"குங்குமத்த கொஞ்சம் இறுக்கும்மா" என்றார் அவர், தேனாக.

"சரிங்க" என்றேன் நானும்.

"சந்தனத்த லேசா விடு. இன்னும். இன்னும். ஐயோ, அதிகம்! குங்குமத்த விடு. குங்குமம்லா, விபூதி இல்ல!"

"குங்குமத்தத்தானே புடிச்சிருக்கேன்!"

"அப்ப பொட்டு ஏன் அந்தப் பக்கம் ஓடுது?"

"நீங்க தலைய ஆட்டுனா ஓடாம என்ன செய்யும்? கண்ணு குருடா உங்களுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைவு வந்தது. குழாய்க்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

மாமி எழுந்தார். நேராக மகனிடம் போனார். "தள்ளு" என்றார். "சின்னனிலையும் இவன் இப்பிடித்தான் பிள்ளை. சப்பாத்தை இடக்கால் வலக்கால் மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன்." முக்காலியில் ஏறி, டப்பாவின் ஓட்டையில் கண்ணை வைத்தார். "ஓ! என்ர பொட்டு தெரியுது."

"அம்மா, அந்தப் பொட்டு நடுவுக்கு வரோணும். அவ்வளவுதான்" என்றார் கணவர், பரிதாபமாக.

"பொட்டு நடுவிலை இருக்கோணும் எண்டு எனக்கு நீ சொல்லித் தாறியோ? டார்ச்சைப் பிடி. பிள்ளை, குங்குமத்தைத் திருப்பு. ம். ம். நில். இப்ப விபூதி. கொஞ்சம்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை. என்ன மாயமோ, மாமி சொன்ன கொஞ்சம் எனக்குப் புரிந்தது. இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய், "நில், வந்திட்டுது" என்றார். கணவர் தலையை நுழைத்துப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க முடியாததால், "இன்னும் ஒரு மயிரிழை" என்று சொல்லி விபூதியைத் தானே வந்து ஒரு மயிரிழை திருப்பிக்கொண்டார். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

இருட்டியது. மலைப் பக்கமிருந்து மேகம் ஒன்று கிளம்பி, ஆயர் ஈத்தாம் மேகங்களின் வழக்கப்படி எங்கள் தலைக்கு மேல் வந்து யோசித்துவிட்டு நகர்ந்தது. தெற்கே மஞ்சளாக, நட்சத்திரம் மாதிரி ஒன்று நின்றது. கணவர் குழாயை அதன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்தால் படம் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

"அம்மா, வாங்கோ. சனி."

மாமி நகரவில்லை. அதுவரை என் மாமியாராக இருந்தவர் சட்டென்று ஏழரைச் சனிக்காரராக மாறிவிட்டார். "கோயிலிலையே நான் அவருக்கு நேர நிக்கிறதில்லை. ஒதுங்கி நிண்டுதான் கும்பிடுறது. நேர பாத்தால் பார்வை விழும். வேண்டாம் ராசா, நான் போறன்."

அந்த நேரம் பார்த்துக் காரும் வந்து நின்றது. மாமா ஹாரன் அடித்தார். எட்டு மணி. மாமி சேலையைச் சரிசெய்துகொண்டு காரைப் பார்த்தார். கணவரின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ மேலே மூடி வைத்திருக்கும் இடியப்பம்தான் கண்ணில் நின்றது. எல்லாம் போச்சு என்று நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

"மாமி, நேரா எங்க பாக்கப்போறீங்க? அவரு அங்க மேல நிக்கிறாரு. நீங்க இங்க பக்கத்துல நிக்கிறீங்க. முகமே இந்தக் கட்டடத்தப் பாத்துத்தான் இருக்கு. இந்தக் குழாயில யாருமே நேரா பாக்க முடியாது மாமி. ஒதுங்கி நின்னுதான் பாக்கணும்."

மாமி குழாயைப் பார்த்தார். மேலே வானத்தைப் பார்க்கும் அதன் வாயைப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த துளையைப் பார்த்தார். விரலால் காற்றில் ஒரு கோணம் போட்டுப் பார்த்தார். மாமா இன்னொரு ஹாரன் அடித்தார்.

"உங்களுக்கு என்ன அவசரம்?" என்று மாமி காரைப் பார்த்து அதட்டினார். முக்காலியில் ஏறினார். உள்ளங்கைகளைச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கண்ணை வைத்தார்.

நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வளையத்தோட…" என்றார் மாமி. "வடிவாயிருக்கிறான்." பிறகு, குரல் மாறி, "இந்தச் சின்னப் பொடியனோ என்னை இந்தப் பாடு படுத்தினவன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியும் சிரித்தார், கண்ணை எடுக்காமலே. முக்காலி ஆடியது. மாமா காரிலிருந்து இறங்கி வந்து, தானும் பார்க்க வேண்டும் என்றார். மாமி இடம் கொடுக்கவில்லை. கொடுத்தபோது அவரிடம் சாதாரணமாகச் சொன்னார்: "பாத்திட்டு நீங்கள் போங்கோ. நான் நாளைக்கு வாறன்." பிறகு என்னிடம் திரும்பி, "பசிக்குது பிள்ளை. என்ன சமைச்சனீ?" என்றார்.

"இடியப்பம், சொதி" என்றேன். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாளைக்கு வரும் மனைவியை நினைத்தாரா, இன்றைக்குப் போகும் இடியப்பத்தை நினைத்தாரா தெரியாது. பாவம் என்று ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மேலே மாமி முதல் வாயை எடுத்ததும் நிறுத்தி, சொதியை இன்னொரு தரம் ருசி பார்த்தார். "உது அவர்ர கைப்பக்குவம் எல்லோ" என்றார். நான் அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "மீன் மலிவாம் மீன்!" என்று சொல்லிவிட்டு மாமி இன்னும் இரண்டு இடியப்பம் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நான் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு போனபோது, மாமி குளித்து, அலங்கார மேசைக்கு முன்னால் நின்று கண்ணாடியில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ர பொட்டு எங்கை?"

"குழாய்க்குள்ள இருக்கு, மாமி."

நினைவு வந்து சிரித்தார். "சரி, அது அங்கையே கிடக்கட்டும். உன்ர ஒண்டைத் தா."

என்னுடைய பொட்டு சின்னது, கறுப்பு. அட்டையோடு நீட்டினேன். மாமி ஒன்றை உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நடுவிலையோ?"

நடுவில் இல்லை. இடது புருவத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. இத்தனை வருஷமாக அவருக்கு எதிரில் நின்றிருக்கிறேன், அவரைத் தொட்டதே இல்லை. காப்பியைக் கீழே வைத்தேன்.

"ஒரு மயிரிழை, மாமி" என்று சொல்லி, விரலால் அதை நகர்த்தி வைத்தேன்.